பேர் சொல்லாமல் சொன்ன கதை

கேள்வி: நான் பள்ளி ஆசிரியர். எங்கள் சேகரத்தின் கிளைச் சபையில் மாதம் ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்கிறேன். சபையில் பாதிப் பேர் பீடி சுற்றும் பெண்கள். மீதிப் பேர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அன்றாட வாழ்க்கையிலிருந்து கதை சொன்னால்தான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். ஆனால் சபையில் மூத்த பெரியவர் ஒருவர், "தம்பி, கதையைக் குறைச்சுட்டு வசனத்தைச் சொல்லுங்க" என்கிறார். போன முறை மத்தேயு 18-ஐ வைத்து மன்னிப்பைப் பற்றிப் பேசினேன். ஒரு சுவர்த் தகராறில் வருடக்கணக்காகப் பேசிக்கொள்ளாத அக்காள் தங்கையை உதாரணமாகச் சொன்னேன். பேர் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தங்கை அதற்குப் பிறகு கோவிலுக்கு வரவில்லை. கதை சொல்வதையே விட்டுவிடலாமா? அடுத்த மாதம் எனக்கு லூக்கா 15 கொடுத்திருக்கிறார்கள்.
— ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கதைகளைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தத் தங்கை.

அடுத்த பிரசங்கத்துக்குத் தயாராகிற வேலையைத் தொடங்கும் முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள். அவர்களுக்கு வேண்டப்பட்ட ஒரு பெண்மணியையும் கூட அழைத்துப் போங்கள். "நான் பேர் சொல்லலையே" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் பேர் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். "உங்க வீட்டு விஷயத்தை நான் கோவில்ல பேசியிருக்கக் கூடாதும்மா, மன்னிச்சிருங்க" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். அக்காளோடு சேர்த்துவைக்கும் முயற்சியை அன்றைக்கே ஆரம்பித்துவிடாதீர்கள். கோவிலில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றும் தோன்றும்; அவர்கள் சம்மதம் இல்லாமல் அதைச் செய்தால் இரண்டாம் முறையும் அவர்களைச் சபை நடுவில் நிறுத்தியதாகிவிடும். அக்காள் வீட்டுக்கும் போக வேண்டும். அவர் ஞாயிறுதோறும் வருகிறார் என்பதால் அவருக்கு வலிக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவை நாத்தான் தீர்க்கதரிசியும் கதை சொல்லித்தானே குத்தினார் என்று நீங்கள் கேட்கலாம். 2 சாமுவேல் 12-ஐ எடுத்து மறுபடி வாசியுங்கள். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையை நாத்தான் யாரிடம் சொன்னார்? தாவீதிடமே போய், அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார். தாவீதைப் பற்றி ஊரிடம் சொல்லவில்லை. குற்றம் செய்தவனிடம் போய்ச் சொல்லும் கதைக்குத் தைரியம் வேண்டும். அவனைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லும் கதைக்கு அது தேவைப்படுவதில்லை, அதனால்தான் அது நமக்குச் சுலபமாக வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இயேசு சொன்ன உவமைகளில் வருகிற மனிதர்களில், முற்பிதாவான ஆபிரகாமை விட்டுவிட்டால், பேர் உள்ளவன் ஒருவன்தான்: லூக்கா 16-இல் பணக்காரனின் வாசலருகே பருக்களோடு கிடந்த லாசரு. பணக்காரனுக்குப் பேர் இல்லை. வெட்கப்பட வேண்டியவனை யாரென்று அடையாளம் காண முடியாதபடி சொன்னார். ஊர் மதிக்காதவனைப் பேர் சொல்லி அழைத்தார். பிரசங்கத்தில் உங்கள் ஊர் ஆட்களைக் கொண்டுவர விரும்பினால் இந்த அளவுகோலையே வைத்துக்கொள்ளுங்கள். நல்லதைச் சொல்வதானாலும் முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பெரியவர். அவருக்கு மாற்கு 4:34-ஐக் காட்டி, உவமை இல்லாமல் ஆண்டவர் ஜனங்களோடு பேசவே இல்லை என்று வாதாடலாம். வாதத்தில் ஜெயித்துவிடுவீர்கள். ஆனால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிடாதீர்கள். நம் பிரசங்கங்களில் பல கதைகள் வசனத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றனவே தவிர, வசனத்துக்குள் போவதில்லை. ஜனங்கள் சிரிக்கிறார்கள், கண் கலங்குகிறார்கள், வீட்டுக்குப் போகும்போது கதை மட்டும் மிஞ்சுகிறது. இதைத்தான் அவர் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

இயேசுவின் கதைகள் எதனால் ஆனவை என்று பாருங்கள். மூன்றுபடி மாவில் அடக்கிய புளித்தமா, பழைய துணியில் போட்ட ஒட்டு, சந்தைவெளியில் குழல் ஊதியும் ஒப்பாரி வைத்தும் விளையாடுகிற பிள்ளைகள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழி உண்மையான வழி. ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் இறங்குகிற, பாறையும் வனாந்தரமுமான பாதை. அங்கே ஒருவன் கள்ளர் கையில் அகப்பட்டான் என்றவுடனே கேட்டவர்களுக்குக் கதை பிடிபட்டிருக்கும். ஆனால் ஆண்டவர் அங்கேயே நின்றுவிடவில்லை. உதவி செய்ய யார் வருவார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்தார்களோ அவர்களை விலகிப் போகவிட்டு, அவர்கள் வெறுத்த சமாரியனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. கேட்டுக்கொண்டிருந்த நியாயசாஸ்திரியும் அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

நீங்கள் எடுக்கும் அன்றாடக் கதையும் வசனம் திரும்புகிற அதே இடத்தில் திரும்ப வேண்டும். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

மத்தேயு 20-ஐ எடுத்துக்கொள்வோம். திராட்சத்தோட்டத்து எஜமான் விடியற்காலையில் ஆள் பிடிக்கிறார். பிறகு ஒன்பது மணி, பன்னிரண்டு, மூன்று, கடைசியாக ஐந்து மணி. ஐந்து மணிக்கு நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று பிரசங்கிப்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். வேதம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவரும் தங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்றுதான் அவர்கள் பதில் சொல்கிறார்கள். உங்கள் சபையின் கட்டட வேலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலை ஏழு மணிக்கு ஜங்ஷனில் தூக்குச்சட்டியோடு நிற்கிற கூட்டத்தில் யாரை முதலில் கூப்பிடுவார்கள், யாரைக் கடைசிவரை கூப்பிடமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மேஸ்திரி வண்டியை நிறுத்தியதும் வாலிபப் பையன்கள் ஏறிக்கொள்வார்கள். முடி நரைத்தவர், கை நடுங்குகிறவர், போன வாரம்தான் காய்ச்சலிலிருந்து எழுந்தவர், இவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் அதே எண்ணிக்கையில்தான் வாய்கள். முழு நாள் கூலிக்குக் குறைந்தால் ராத்திரி அடுப்பில் உலை ஏறாது.

இதுவரைக்கும் எல்லோரும் தலையாட்டுவார்கள். இங்கேயே முடித்தால் அது இரக்கத்தைப் பற்றிய நல்ல பேச்சு, அந்த உவமை இல்லை. அந்த எஜமான் கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுக்கச் சொல்கிறார், அதுவும் காலையில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற அதே முழு நாள் கூலியை. முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் முறுமுறுப்பே எழுந்திருக்காது. அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்படி வேண்டுமென்றே செய்கிறார். ஆகவே உங்கள் கதை அந்த நரைமுடிக்காரரோடு முடியக் கூடாது. காலையிலிருந்து வெயிலில் சாந்து சுமந்தவன் தன் கையில் இருக்கிற பணத்தையும் அவர் கையில் இருக்கிற பணத்தையும் பார்க்கிற அந்த நிமிஷம்வரை போக வேண்டும். சபையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் 'இது நியாயமில்லையே' என்று உள்ளுக்குள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வசனத்தை வாசியுங்கள். பெரியவர் கேட்ட வசனம் அப்போதுதான் சபைக்குள் இறங்கும்.

போன மாதம் நீங்கள் எடுத்த மத்தேயு 18-க்கே வருகிறேன். ராஜா பதினாயிரம் தாலந்து கடனை மன்னித்துவிட்ட ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனை மன்னிக்க மறுக்கிற உவமை அது. பதினாயிரம் தாலந்துக்கு எதிரே அந்த நூறு வெள்ளிப்பணத்தை ஏதோ சில்லறை மாதிரி நாம் சொல்லிவிடுகிறோம். ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. அப்படியானால் அது நூறு நாள் கூலி. நம் பக்கத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிற எந்த அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். அந்த நூறு நாள் கூலி மொத்தமும் ஒருவன் திருப்பித் தராமல் போனால் அது சின்ன விஷயமா என்று. தாலந்து ஒன்று ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள். அது யாராலும் அடைக்க முடியாத கடன். ஆனால் நூறு நாள் கூலி நிஜமான நஷ்டம், நிஜமான காயம். 'உனக்கு நடந்தது அற்பம், அதனால் மன்னித்துவிடு' என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்தச் சுவர்த் தகராறு இரண்டு சகோதரிகளுக்கும் நூறு நாள் கூலியாக இருந்திருக்கும். பிரசங்கத்தில் அது பிடிவாதமாக மட்டும் சுருங்கியிருந்தால், தங்கைக்கு அதுவும் வலித்திருக்கும்.

அடுத்தது உண்மை. நம் சபைகளில் சுற்றுகிற கதைகளில் பல, நடந்தவை அல்ல. நாற்பது வயதில் கழுகு மலைக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கி, புதிதாக முளைத்ததும் இன்னும் முப்பது வருஷம் வாழும் என்ற கதையை, கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைந்து கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்கிற ஏசாயா 40:31-க்குச் சொல்லாத கன்வென்ஷன் உண்டா? எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகு போன கழுகு பட்டினியால் செத்துப்போகும். அதன் அலகும் நகமும் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பவை. சிறகுகளும் சிறிது சிறிதாக உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஏசாயாவின் வாக்குத்தத்தத்துக்கு இந்த உண்மை போதாதா? ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனத்துக்குச் சொல்வார்களே, எருசலேமில் 'ஊசியின் காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டு நுழையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அந்தக் கதை ஆண்டவரின் வார்த்தையை மழுக்கிவிடுகிறது என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். மனுஷரால் கூடாதது என்று அவர் சொன்னதை, கொஞ்சம் குனிந்தால் கூடும் என்று மாற்றிவிடுகிறோம்.

நயாகராவில் கயிற்றின் மேல் நடந்த பிளாண்டினையும் எல்லோரும் சொல்வார்கள். தள்ளுவண்டியில் ஏறும்படி கூட்டத்தைக் கூப்பிட்டார், ஒருவரும் ஏறவில்லை என்பார்கள். 1859 ஆகஸ்டில் அவர் தன் மேலாளர் ஹாரி கோல்கார்டை முதுகில் சுமந்து அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தார் என்பது பதிவாகியிருக்கிற செய்தி. விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு அது ஒன்றே போதும். கற்பனைக் கதை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, உவமைகளே கற்பனைதான். கதையைக் கதை என்று சொல்லிச் சொல்லுங்கள். "போன வாரம் நடந்தது" என்று மட்டும் சேர்க்காதீர்கள். இன்றைக்கு உங்கள் சபைப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே செல்போனில் பார்த்துவிடுவார்கள். அங்கே ஒரு பொய்யைக் கண்டுபிடித்தவன் உயிர்த்தெழுதலைக் கேட்கும்போது என்ன நினைப்பான்?

விபத்தையும் வியாதியையும் கதையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுநாளில் வேலைக்குப் போனான், லாரியில் அடிபட்டான் என்கிற ரகம். சீலோவாமின் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை லூக்கா 13-இல் ஆண்டவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். அந்த வழிக்கே போக வேண்டாம்.

கதையின் நீளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு பிரசங்கத்துக்கு ஒரு கதை. போப் பிரான்சிஸ் 2013-இல் எழுதிய ஊக்கவுரை மடலில், நல்ல மறையுரையில் ஒரு கருத்து, ஓர் உணர்வு, ஓர் உருவம் இருக்க வேண்டும் என்று தன் பழைய ஆசான் ஒருவர் சொன்னதை நினைவுகூர்ந்திருக்கிறார். நம் சபைப் பிரசங்கியார்களுக்கும் அது அப்படியே பொருந்தும். கதையைச் சொல்லி முடித்ததும் "இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கதை நன்றாக இருந்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நன்றாக இல்லாவிட்டால் விளக்கம் அதைக் காப்பாற்றாது.

இனி லூக்கா 15. கெட்ட குமாரனுக்கு உள்ளூர்க் கதை தேட உங்கள் கை பரபரக்கும். வெளியூருக்குப் போய்த் திரும்பிய தம்பியும், வீட்டிலேயே இருந்து பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்த அண்ணனும் எந்த ஊரில் இல்லை? வேறு ஒரு வருஷமானால் வீட்டில் இருந்தவரின் பக்கம் நின்று சொல்லுங்கள் என்றே எழுதியிருப்பேன். இந்த மாதம் வேண்டாம். உடன்பிறந்த இரண்டு பேரைப் பற்றி நீங்கள் வாயைத் திறந்தாலே சபையின் கண் அந்தச் சுவருக்குப் போய்விடும். அந்த உவமையை வேதத்தில் இருக்கிறபடியே நிதானமாக வாசித்து விட்டுவிடுங்கள். தகப்பன் இரண்டு பிள்ளைகளுக்காகவும் வீட்டைவிட்டு வெளியே வருகிறார். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று ஆண்டவர் சொல்லவே இல்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

உங்கள் கதைக்கு அதே அதிகாரத்தில் வருகிற காணாமற்போன வெள்ளிக்காசை எடுங்கள். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிற உவமை. இயேசு தங்கியிருந்த கப்பர்நகூம் ஊரில் தோண்டியெடுத்த வீடுகள் எரிமலைக் கருங்கல்லால் கட்டியவை. அந்தக் கறுப்புக் கல் வீட்டுக்குள் பகலிலும் விளக்கு வேண்டியிருந்திருக்கும். அந்தக் காசும் ஏறக்குறைய ஒரு நாள் கூலிதான். பீடி சுற்றுகிற அக்காமார் இரண்டு பேரிடம் வாரநாளில் போய்க் கேளுங்கள்: சம்பளக் காசில் ஒரு நோட்டு காணாமல் போனால் எங்கெல்லாம் தேடுவீர்கள் என்று. சுளகைத் தூக்கிப் பார்ப்பதையும், வெட்டிப்போட்ட இலைத் துண்டுகளைக் கிளறுவதையும், பாயை உதறுவதையும், பிள்ளைகளை எழுப்பி நகரச் சொல்வதையும் அவர்களே சொல்வார்கள். கிடைத்ததும் அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுப்பதையும் சொல்வார்கள். அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "உங்ககிட்ட கேட்டதைக் கோவில்ல சொல்லலாமா?" என்று கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பாவிகளைத் தேடுகிற தேவனுக்கு ஆண்டவர் இப்படியொரு பெண்ணை ஒப்பிட்டார் என்பதை உங்கள் சபைப் பெண்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்?

எழுதி முடித்ததும் சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் வசனத்தைத் தேடுகிறார் என்று கேளுங்கள். அந்த இடத்தில் கதையை வெட்டுங்கள்.