மகளைக் கிராம சபைக்கு அனுப்பலாமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்குப் பதினேழு வயது முடிந்துவிட்டது. எங்கள் தெருவுக்குக் குடிநீர் சரிவர வராததைக் கிராம சபையில் பேசப் போவதாகச் சொல்கிறாள். படிக்கிற பெண்ணுக்கு அரசியல் எதற்கு என்கிறார்கள் உறவினர்கள். அனுப்பலாமா?
– ஒரு தந்தை, திருவாரூர் மாவட்டம்

பதில்: நீங்களே அழைத்துச் செல்லுங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள் என்பதால், தீர்மானத்தை முன்மொழியும் உரிமை இன்றைக்கு உங்களுக்குத்தான் உண்டு. மனுவை மகள் எழுதட்டும். கையெழுத்திட்டு எழுந்து பேச வேண்டியவர் நீங்கள். இதுவரை எந்தக் கூட்டத்துக்காவது போயிருக்கிறீர்களா என்பதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை.

ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022 முதல் ஆறாகிவிட்டன. புதிதாகச் சேர்ந்த மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள்தான் என்றாலும், அது பொதுத்தேர்வுக் காலம். எனவே மே 1 கூட்டமே உங்களுக்கு வசதி. அதற்குள் எந்தெந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் வருகிறது என்று மகள் ஒரு வாரம் குறித்து வைக்கட்டும். மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரிடமும் விசாரிக்கட்டும். குறை தொட்டியிலா, மோட்டாரிலா, குழாயிலா என்று தெரியாமல் எழுப்பும் புகாருக்கு, "பார்க்கிறோம்" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாகக் கிடைக்கும்.

கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது, குடிநீர்ப் பராமரிப்புக்கு எழுதப்பட்ட தொகையை அவர் குறித்துக்கொள்ளட்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் சில ஊர்களில் இருப்பதால், உங்கள் தீர்மானத்தை அங்கேயே எழுதி உரக்க வாசிக்கும்படி, கூட்டத்தை நடத்துபவர் ஊராட்சித் தலைவராயினும், தலைவர் இல்லாதபோது பொறுப்பு வகிக்கும் தனி அலுவலராயினும், தயங்காமல் கேளுங்கள். பிறகும் வேலை நடக்கவில்லையெனில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன், அந்தத் தீர்மானத்தின் நகலையும் அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டியது அலுவலரின் கடமை. பாடப்புத்தகத்தில் குடிமையியலைப் படித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பார்த்திராத பகுதி இதுதான்.

உறவினர்களின் அச்சம் கட்சி பற்றியதாக இருக்கலாம். ஊர்ப்பணத்தின் கணக்கைக் கேட்க எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை. நாளை அவர் ஒரு கட்சியை விரும்பினால், அது உங்கள் கட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

பதினேழு முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் சேர முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்; படிவம் 6-ஐ இந்த மாதமே நிரப்பிவிடுங்கள். பதினெட்டு வயது நிறைந்ததா என்று கணக்கிடும் தகுதி நாள் இப்போது ஆண்டுக்கு நான்கு என்பதால், பதினெட்டு நிறைந்தபின் அடுத்த ஜனவரிவரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.