'கேடிப்பயலே' என்று கொஞ்சலாமா?

கேள்வி: எங்கள் மூன்று வயது மகன் என்றால் என் மாமியாருக்கு உயிர். ஆனால் வாயைத் திறந்தால் 'கேடிப்பயலே' என்றுதான் கொஞ்சுகிறார். பாலைத் தட்டிவிட்டால் 'அட சண்டாளா' என்பார். கேடி என்றால் திருடன்தானே? குழந்தையை இப்படிக் கூப்பிடலாமா? எடுத்துச் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கேடி காவல் நிலையத்துச் சொல்தான். திருட்டுத் தொழிலில் பழகியவர்கள் என்று போலீஸ் கருதியவர்களை, வெள்ளைக்காரன் காலத்திலேயே 'நோன் டெப்ரடேட்டர்' (Known Depredator, அதாவது தெரிந்த கொள்ளைக்காரன்) என்று தனிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அந்த இரண்டு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகள்தான் கே.டி. அதில் பெயர் ஏறிவிட்டால், ராத்திரி ரோந்து வரும் கான்ஸ்டபிள் ஆள் வீட்டில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் போவார். அக்கம்பக்கம் பார்க்க, பெண்டாட்டி பிள்ளைகள் எதிரில் இது நடக்கும். எவ்வளவு பெரிய அவமானம்!

அந்தச் சொல் தெருவுக்கு வந்ததும் தந்திரக்காரன் எல்லாம் கேடி ஆனான். பிறகு, அம்மா அசந்த நேரத்தில் சர்க்கரை டப்பாவைத் திறக்கும் பொடியனும் கேடி ஆகிவிட்டான். உங்கள் மாமியார் சொல்வது இந்தக் கடைசிக் கேடியை. அதில் போலீசும் இல்லை, திருட்டும் இல்லை. தாராளமாகக் கொஞ்சட்டும்.

கௌரவமாக இருந்து கீழே இறங்கிய சொற்களும் உண்டு. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அர்ஜுனனின் மனத்தளர்ச்சியைக் கண்ணன் 'கச்மலம்' என்கிறான். சென்னைத் தெருவில் அது 'கஸ்மாலம்' என்ற வசவாகிவிட்டது.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய 'சண்டாளா'தான் என் மனதை உறுத்துகிறது. அது வெறும் வசவு இல்லை, ஒரு சாதியின் பெயர். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் வரிசையில் இன்றும் இருக்கிறது. அதை வசவாகவோ வேடிக்கையாகவோ பயன்படுத்தக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமே 2024-இல் சொல்லியிருக்கிறது. கொஞ்சலில் கேடிக்குப் பழைய பொருள் போய்விட்டது. இந்தப் பெயரைச் சுமக்கிற மனிதர்களோ இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள். மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது நிச்சயம். ஆனாலும் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு நாளை பள்ளியில் யாரையாவது அப்படிக் கூப்பிடுவான்.

கணவரைத் தூது விடாதீர்கள். பிள்ளை தூங்கும் நேரமாகப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்: "அத்தை, கேடின்னு எவ்வளவு வேணும்னாலும் கொஞ்சுங்க. சண்டாளான்னு மட்டும் வேண்டாம். அது ஒரு சாதியோட பேரு, கேக்குறவங்களுக்கு வலிக்கும்." பேரன்மேல் உயிரையே வைத்திருப்பவர், கேட்டுக்கொள்வார்.