துணிப் பொம்மைக்குச் "சான்றிதழ்" விற்கும் தரகருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிக்குடியில் வசிக்கிறேன். மருதமுனைக் கைத்தறிச் சாறன், சேலைகளின் வெட்டுத் துண்டுகளை வாங்கி ஒரு முழ உயரத்தில் துணிப் பொம்மைகள் தைக்கிறேன். நாதஸ்வரக்காரர், தவில்காரர், மத்தளத்துடன் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், யாழுடன் விபுலாநந்த அடிகள் என்று இரண்டு வருடங்களாக முகநூலில் போட்டு விற்கிறேன். இப்போது டொரொண்டோவில் கடை வைத்திருக்கும் ஒருவர் 40 பொம்மைகள் கேட்கிறார். பாதி சென்னையின் பிரபல இசையமைப்பாளர் ஒருவர், பாதி காலமான நம் நாட்டுப் பொப் பாடகர் ஒருவர். அழுத்தினால் பாட்டு வரும்படி உள்ளே சிறு பெட்டி வைக்க வேண்டுமாம். இங்குள்ள ஒருவர், பதிப்புரிமைச் சான்றிதழ் எடுக்காமல் இப்படிச் செய்தால் சிறை என்கிறார். 45,000 ரூபாய்க்கு எடுத்துத் தருவாராம். முற்பணமாக 5,000 கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? என் பொம்மையின் வடிவத்தை யாராவது திருடினால் என்ன செய்வது?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. மீதி 40,000 ரூபாயைக் கொண்டுபோய்த் தையல் இயந்திரத்துக்கு நல்ல மோட்டாராகப் போடுங்கள்.

இலங்கையில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் முறையே கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி ஓர் ஆக்கம் உருவானவுடனேயே அதைப் படைத்தவருக்கு உரிமை வந்துவிடுகிறது. விண்ணப்பம், முத்திரை, கட்டணம் எதுவும் தேவையில்லை. கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச்சொத்து அலுவலகம் வியாபாரக் குறிகளைப் பதிகிறது, கைத்தொழில் வடிவமைப்புகளைப் பதிகிறது, பதிப்புரிமையைப் பதிவதில்லை. அரசாங்கமே கொடுக்காத சான்றிதழை உங்கள் தரகர் எங்கிருந்து எடுப்பார்? அப்படிப்பட்ட "சான்றிதழ்" இரண்டைச் சட்டத்தரணியான என் மேசையில் கண்டிருக்கிறேன். ஒன்று, சமாதான நீதவான் கையெழுத்திட்ட வெறும் சத்தியக் கடதாசி. மற்றையது அதுகூட இல்லை. தடித்த தாளில் பொன்னிற ஓரம் அச்சடித்து, சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். கொண்டுவந்தவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாராம்.

அப்படியொரு சான்றிதழ் உண்மையிலேயே இருந்திருந்தாலும் அது உங்கள் தையலுக்கு உங்களை உரிமையாளர் என்று சொல்லுமே தவிர, இசையமைப்பாளரின் முகத்தையோ பாட்டையோ உங்களுக்குத் தந்துவிடாது. உங்கள் வளவுக்கு உறுதி முடித்தால் பக்கத்து வளவும் உங்களுடையதாகிவிடுமா?

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். முகத்தைப் பார்த்துப் பொம்மை செய்வது குற்றமா? இல்லை. ஒருவரின் முகத்தை அவருடைய சொத்து என்று தனியாக எழுதிவைத்த சட்டம் இந்த நாட்டில் இல்லை. முக்கியமாக இருப்பது பழைய உரோமன் டச்சுச் சட்டம் தரும் மானப் பாதுகாப்பு. ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் அவர் உங்களிடம் நட்டஈடு கேட்கலாம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஊர்ப் பெரியவரைப் பெருவயிறும் கோணல் மீசையுமாகத் தைத்துத் திருவிழாக் கடையில் தொங்கவிட்ட ஒருவருக்காக நான் சமாதானம் பேசப் போயிருக்கிறேன். பொம்மை அச்சொட்டாக இருந்ததுதான் சிக்கல். உங்கள் அண்ணாவியார் பொம்மை பொதுவான அண்ணாவியார் என்றால் கவலையே வேண்டாம். உங்கள் ஊரில் இப்போதும் கூத்துப் பழக்குகிற ஒருவரைப் பார்த்துத் தைத்தீர்கள் என்றால் வெற்றிலை பாக்குடன் போய் அவரிடம் கேளுங்கள், முதல் பொம்மையை அவருக்கே கொடுங்கள். பெரும்பாலும் அவரே நான்கு பேருக்குச் சொல்லி வாங்க வைப்பார்.

விபுலாநந்த அடிகளைத் தாராளமாகத் தையுங்கள். 1892இல் காரைதீவில் பிறந்து 1947இல் மறைந்தவர். ஆசிரியர் காலமாகி 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்பது நம் சட்டம். அந்தக் கணக்கில் அவருடைய எழுத்துகள் 2017 முடிவோடு பொதுச்சொத்தாகிவிட்டன. யாழ்நூல் எழுதியவர் கையில் யாழைக் கொடுக்க நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம். முகம் அவருடையது, ஆனால் ஒரு புகைப்படம் அதை எடுத்தவருடையது, ஒரு சிலை அதை வடித்த சிற்பியுடையது. பத்துப் படங்களைப் பார்த்து மனதில் நிற்பதைத் தைத்தால் அது உங்கள் ஆக்கம். ஒரே படத்தை அல்லது ஒரே சிலையை, அங்கவஸ்திரத்தின் மடிப்பு உட்பட, அப்படியே துணிக்கு மாற்றினால் வேறொருவரின் வேலையைப் பிரதி எடுக்கிறீர்கள். படத்தையே துணியில் அச்சடித்து முகமாக ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சோம்பலை மட்டும் செய்யாதீர்கள்.

சென்னை இசையமைப்பாளரின் பெயரை உங்கள் கடிதத்தில் பார்த்தேன். இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடிருக்கும் பிரபலத்தின் உருவத்தைத் தொகையாகச் செய்து கடையில் விற்பது வேறு கதை. இந்தியாவில் இதே பொம்மைக்கே வழக்கு நடந்திருக்கிறது. பஞ்சாபிப் பாடகர் தலேர் மெஹந்தியைப் போன்ற பொம்மைகள் கடைகளில் விற்கப்பட்டன. அவருடைய பாட்டின் சில வரிகளையும் அவை பாடின. அவருடைய நிறுவனம் வழக்குப் போட்டது. 2010இல் டில்லி உயர் நீதிமன்றம் விற்பனையைத் தடுத்து, அடையாளமாக ஓர் இலட்சம் ரூபாய் நட்டஈடும் விதித்தது. கேலிச்சித்திரம், நையாண்டி போன்றவற்றை இந்த உரிமையைக் காட்டி நசுக்கிவிடக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. உங்கள் 20 பொம்மைகள் நையாண்டி அல்ல, நேரே வியாபாரம்.

விற்கப்போவது டொரொண்டோவில் என்பதால் அந்த ஊர்ச் சட்டமும் வந்து சேரும். ஒன்ராறியோ நீதிமன்றம் 1996இல், காலமான பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் தொடர்பான வழக்கில் ஒரு கோடு போட்டது. ஒருவரைப் பற்றி எடுத்துச் சொல்லும் ஆக்கம் ஒன்று, அவருடைய முகத்தைக் காட்டிப் பண்டம் விற்பது இன்னொன்று. அங்கே வழக்குக்குள்ளானது ஒரு புத்தகம், அது தப்பியது. பொம்மை அவ்வளவு சுலபமாகத் தப்பும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன். ஆள் இறந்துவிட்டதால் உரிமையும் இறந்துவிட்டது என்று அங்கே சொல்ல முடியாது. ஆகவே பொப் பாடகரின் குடும்பத்தாரின் எழுத்து மூலமான சம்மதம் வரும்வரை ஊசியில் நூல் கோர்க்காதீர்கள். சம்மதம் வாங்குவது கடைக்காரரின் வேலை, உங்கள் வேலை அல்ல. லாபத்தில் பெரும்பங்கு அவருடையதுதானே.

"இன்னாரின் பாணியில்", "இன்னாரால் கவரப்பட்டு" என்று சீட்டில் எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம் கைப்பணியாளர்களிடம் பரவிக் கிடக்கிறது. அது தாயத்துக் கட்டுவது போன்றது. யாரை வைத்துச் செய்தீர்கள் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலமாகத்தான் அந்தச் சீட்டு முடியும்.

இவ்வளவும் முகத்தைப் பற்றி. எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்குவது அந்தப் பாட்டுப் பெட்டிதான். தரகர் சொன்ன "சிறை" என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. தெரிந்துகொண்டே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் வரை சிறை, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம் என்று நம் சட்டம் சொல்கிறது. ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு அடுக்கு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் அதை ஆக்கியவர்களுக்கு உரியவை. ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருக்கு உரியது. நீங்கள் பெட்டிக்குள் ஏற்றும் பாட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிறது.

இதைச் சொன்னவுடன் எல்லோரும் விலக்குத் தேடுகிறார்கள். சில விநாடிகள்தானே என்பார்கள். இத்தனை விநாடி வரை இலவசம் என்று எந்தப் பிரிவும் இல்லை. பாட்டை அடையாளம் கண்டு வாடிக்கையாளர் சிரிக்கிறார் என்றால் அதன் உயிரான பகுதியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். நானே பாடிப் பதிந்தால்? ஒலிப்பதிவு உரிமை விலகும், மெட்டும் வரியும் அப்படியே நிற்கும். பாடியவர் இறந்துவிட்டாரே? 70 ஆண்டுக் கணக்கு பாடியவரின் மரணத்திலிருந்து ஓடுவதில்லை, ஆக்கியவரின் மரணத்திலிருந்து ஓடுகிறது. சேர்ந்து ஆக்கியவர்கள் பலர் என்றால் கடைசியாக மறைந்தவரிலிருந்து ஓடும். வரியில்லாமல் வாத்தியத்தில் மட்டும் வாசித்தால்? மெட்டு மெட்டுத்தான். சுருதியை ஏற்றி இறக்கினால்? அதையும் ஒருவர் என்னிடம் கேட்டார்; அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வழி இல்லாமல் இல்லை. கூத்துப் பாட்டு இருக்கிறது, தாலாட்டு இருக்கிறது, வலை இழுக்கும் அம்பாப் பாட்டு இருக்கிறது, நம் கரையோர முஸ்லிம் ஊர்களின் கவி இருக்கிறது. தலைமுறைகளாக வாய்வழி வந்த இவற்றின் மெட்டுக்கு எந்தக் கம்பனியும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் யூடியூபில் யாரோ பதிந்து வைத்த கூத்துப் பாட்டை இறக்கி ஏற்றாதீர்கள். பாட்டு பழையது, அந்தப் பதிவு புதியது. உங்கள் அண்ணாவியாரையே இரண்டு அடி பாடச் சொல்லுங்கள், தொலைபேசியில் பதியுங்கள், காசு கொடுங்கள். "இந்தப் பதிவைப் பொம்மையில் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்று தமிழில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கைப்பட எழுதினாலே போதும்.

கையெழுத்து என்றவுடன் எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நடந்த கண்காட்சி, பயிற்சிப் பட்டறைகளுக்குக் கணக்கில்லை. பலவற்றில் பெண்களிடம் ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டி, "வரவுக்குத்தான், இங்கே ஒப்பமிடுங்கள்" என்பார்கள். அதன் நான்காம் பந்தியில் உங்கள் வடிவங்களைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மாதிரிக்கு ஒரு பொம்மையும் வெட்டும் அளவுத்தாளும் வாங்கிப் போகும் முகவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுத்த மாதம் அதே பொம்மை வேறெங்கோ பாதி விலைக்குத் தைக்கப்படும். பொம்மையைக் கொடுங்கள், அளவுத்தாளைக் கொடுக்காதீர்கள். வாசிக்க முடியாத மொழியில் உள்ள எதிலும் ஒப்பமிடாதீர்கள். அரச அலுவலகங்களில் தமிழில் கேட்பது உங்கள் உரிமை என்று அரசியலமைப்பு சொல்கிறது. நடைமுறை என்ன? ஓர் அலுவலகத்துக்கு நான் தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்தது; விளக்கம் கேட்டு எழுதினேன், ஆங்கிலத்தில் வந்தது. சட்டத்தரணிக்கே இந்தக் கதி என்றால், ஒரு சின்னச் சந்தேகத்துக்கு உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போகச் சொல்லும் ஏற்பாட்டில் களுவாஞ்சிக்குடிப் பெண் தரகரிடம் போகாமல் வேறு யாரிடம் போவார்?

உங்கள் பொம்மையை யாராவது திருடினால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பொம்மை போன்ற பயன்பாட்டுக் கலை ஆக்கங்களுக்கு, செய்த நாளிலிருந்து 25 ஆண்டுகள் பாதுகாப்பு தானாகவே இருக்கிறது. முதல் பொம்மையை விற்காமல் வைத்திருங்கள். வரைந்த தாளையும் திகதி தெரியும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். தரகர் அடுத்ததாக "வடிவமைப்புப் பதிவு" என்று ஆரம்பிப்பார். அது உண்மையில் இருக்கும் பதிவு, மூன்று ஐந்தாண்டுகளாக 15 ஆண்டு வரை போகும். ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். இரண்டு வருடங்களாக முகநூலில் தொங்கும் நாதஸ்வரக்காரர் புதியவர் அல்லர். அதற்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்; இனிச் செய்யும் வடிவம் ஏதாவது பெறுமதியானது என்று தோன்றினால், படம் போடுவதற்கு முன் விண்ணப்பியுங்கள். பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் உங்கள் பொம்மைகளுக்கு நீங்கள் வைத்த பெயரை வியாபாரக் குறியாகப் பதியுங்கள். வியாபாரக் குறிக்கான பண்டப் பட்டியலில் பொம்மைகள் 28ஆம் வகுப்பில் வரும். 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம்.

டொரொண்டோக்காரருக்கு இன்றே எழுதுங்கள். நாதஸ்வரம், தவில், அண்ணாவியார், விபுலாநந்தர் சேர்த்து 40 தரலாம், திரைப்பாட்டுப் பெட்டி வைக்க முடியாது, அந்த இருவரின் உருவமும் வேண்டுமென்றால் அனுமதிக் கடிதங்களை அவரே வாங்கி அனுப்ப வேண்டும். கண்ணுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் தையுங்கள். 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மையில் பிய்ந்து வரும் சிறு துண்டுகளைக் கனடா அனுமதிப்பதில்லை. பாதிப் பணம் கைக்கு வந்தபின் தைக்கத் தொடங்குங்கள்.

அந்த 5,000 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் அதன் பிரதியையும், அவர் காட்டிய மாதிரிச் சான்றிதழின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். இந்த முறை யார் ஒப்பமிட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.