மனநல மாத்திரை சாப்பிடுபவளை கோர்ட் நம்புமா?

கேள்வி: இங்கிலாந்துக்குப் படிக்க வந்தேன். சித்தப்பா பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "மாட்டேன்னா இந்த வீட்டில் இடமில்லை" என்று மிரட்டி இங்கேயே கல்யாணத்தை முடித்துவிட்டார். மூன்று வருஷம் நான்கு மாதம் ஆகிறது. என் விசா கணவரை நம்பித்தான் இருக்கிறது. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சாகத் தோன்றுகிறது, ஆனால் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் டாக்டரிடம் தலைவலி என்றுதான் சொன்னேன். "பைத்தியத்தை எந்தக் கோர்ட் நம்பும்? போனால் விசாவும் போச்சு" என்கிறார்.

பதில்: சகோதரி, முதலில் உங்கள் உயிர். அந்த எண்ணம் வந்தால் உடனே 111ஐ அழைத்து மனநல உதவி கேளுங்கள், ஆபத்து என்றால் 999.

சரி, கோர்ட். உங்கள் கணவர் சொல்வது தலைகீழ். மிரட்டி நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கத்தியைக் காட்டியிருக்க வேண்டியதில்லை. 1980களில் ஹிரானி வழக்கில், வீட்டைவிட்டுத் துரத்திவிடுவோம் என்று பெற்றோர் மிரட்டியதால் மணந்த 19 வயதுப் பெண்ணின் திருமணத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் சித்தப்பா சொன்னதும் ஏறக்குறைய அதுவேதான். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டிய வழக்கு என்பது உண்மை. ஆனால் அந்த மூன்று வருஷத்துக்குள் உங்களுக்கு மனநோய் இருந்திருந்தால், நியாயம் என்று பட்டால், அதற்குப் பிறகும் நீதிபதி அனுமதி தரலாம் என்று 1973ஆம் ஆண்டுத் திருமண வழக்குகள் சட்டத்தின் (Matrimonial Causes Act) 13ஆவது பிரிவு சொல்கிறது. எந்த மாத்திரையைக் காட்டி மிரட்டுகிறாரோ, அதைப் பற்றிய மருத்துவப் பதிவுதான் உங்களுக்குச் சாட்சி.

அதனால் அடுத்த முறை டாக்டரைத் தனியாகப் பாருங்கள், வரவேற்பிலேயே கேட்கலாம். தலைவலி என்று ஏன் சொன்னீர்கள், கல்யாணம் எப்படி நடந்தது, எல்லாவற்றையும் சொல்லிப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். கணவர் உங்கள் போனைப் பார்ப்பவர் என்றால் அந்தப் பதிவு ஆன்லைனில் தெரியாதபடி வைக்கவும் சொல்லுங்கள்.

விசா விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். அடி விழுந்திருக்க வேண்டும் என்றில்லை, கட்டுப்படுத்துவதும் மிரட்டுவதும் 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி குடும்ப வன்முறைதான், அதனால் உறவு முறிந்தால், கணவர் பிரிட்டிஷ் குடிமகன் அல்லது இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவர் போன்றவராக இருந்தால், நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். இடையில் அரசு உதவித்தொகை பெறும் உரிமையோடு மூன்று மாத அனுமதியும் கேட்கலாம், ஆனால் அது வந்ததும் இப்போதைய விசா போய்விடும், அந்த மூன்று மாதத்துக்குள் அடுத்த விண்ணப்பம் போயாக வேண்டும். குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்காமல் இதிலும் ரத்து வழக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாஸ்போர்ட் இன்னும் சித்தப்பாவிடம்தானா? கட்டாயத் திருமணப் பாதுகாப்பு உத்தரவு கல்யாணம் முடிந்தவர்களுக்கும் கிடைக்கும், கோர்ட் கட்டணம் கிடையாது, பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவும் அதில் உத்தரவிடலாம், மீறினால் 5 ஆண்டு வரை சிறை. அரசின் கட்டாயத் திருமணப் பிரிவு எண் 020 7008 0151. தோழியின் போனிலிருந்து கூப்பிடுங்கள்.