சலப்பை முட்ட எடுத்த ஸ்கான்

கேள்வி: எனக்கு 63 வயது. இரவில் மூன்று, நான்கு தரம் சலம் கழிக்க எழும்புகிறேன். ஒரு தனியார் இடத்தில் ஸ்கான் எடுக்கப் போனபோது ஒன்றரை லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். என் இலக்கம் வர இரண்டு மணித்தியாலம் சென்றது. அடக்க முடியாமல் துடித்துப் போனேன். சலப்பைக்குக் கீழே உள்ள புரொஸ்டேட் சுரப்பி 42 மில்லிலீற்றர், கழித்த பின் மீதி 140 மில்லிலீற்றர், இரண்டு சிறுநீரகங்களிலும் லேசான வீக்கம் என்கிறது அறிக்கை. சத்திரசிகிச்சை வேண்டுமா? புற்றுநோய் இல்லை என்று நம்பலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஐயா, இலக்கங்களை விட நீங்கள் துடித்த கதைதான் ஸ்கான் பார்க்கிற எனக்கு முக்கியம். சலப்பை சாதாரணமாக 400, 500 மில்லிலீற்றர் கொள்ளும். அதற்கு மேல் விரிந்தால் அதன் தசை சரியாகச் சுருங்காது, மீதி கூடத்தான் செய்யும். மேலிருந்து சலம் இறங்க இடமில்லாமல் சிறுநீரகங்களும் வீங்கினமாதிரித் தெரியும். போதாததற்கு, வெளியே ஆள் கதவைத் தட்டிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் முழுக்கப் போகும்?

ஆகவே மறுபடி எடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு முன் அரை லீற்றர் போதும். வழக்கமாக முட்டுகிற அளவு வந்ததும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆறுதலாகக் கழித்துவிட்டு வந்தவுடன் மீதியையும் சிறுநீரகங்களையும் பார்க்கவேண்டும். மீதி 50க்குக் கீழே வந்து வீக்கமும் வடிந்துவிட்டால் பயமில்லை. வீக்கம் அப்படியே இருந்தால் தாமதிக்காமல் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.

42 என்பது புரொஸ்டேட்டின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, அதை 0.52ஆல் பெருக்கி வருகிற கணக்கு. இளவயதில் 20, 25 இருக்கும்; வயதோடு வளரும். அளவை மட்டும் பார்த்துக் கத்தி வைப்பதில்லை. 30 உள்ளவருக்கு அடைத்துக்கொள்ளும், 80 உள்ளவர் நிம்மதியாகத் தூங்குவார். சுரப்பியின் நடுப்பகுதி சலப்பைக்குள் தள்ளிக்கொண்டு நிற்கிறதா என்று கேளுங்கள், அடைப்பில் அதற்குப் பெரிய பங்குண்டு. பலருக்கு முதலில் குளிசைதான்.

புற்றுநோய்? வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கான் அதைச் சொல்லாது. ‘இல்லை’ என்று எழுதியிருந்தாலும் நான் நம்பமாட்டேன். அதற்கு, புரொஸ்டேட் சுரக்கிற ஒரு புரதத்தை அளக்கும் பீ.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையும் வைத்தியர் மலவாசல் வழியாக விரலால் பார்ப்பதும் வேண்டும். சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ., பிறகு திசுப் பரிசோதனை. திசு எடுக்கிற ஊசி சரியான இடத்துக்குப் போக, மலவாசல் வழியாக வைக்கிற ஸ்கான் கருவி அங்கே உதவும்.

அப்புறம், இரவில் எழும்புவதற்கெல்லாம் புரொஸ்டேட்டைக் குற்றம் சொல்லமுடியாது. சீனி வருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பொழுதுபட்ட பிறகு பிளேன்ரீயைக் குறையுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு போகிறது என்று மூன்று நாள் அளந்து எழுதி, பழைய அறிக்கையோடு கொண்டுபோங்கள். இதற்கிடையில் சலம் முற்றாக நின்றாலோ, குளிரோடு காய்ச்சல் அடித்தாலோ ஸ்கானுக்குக் காத்திருக்கவேண்டாம். நேரே தேசிய வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.