படகின் ஸ்டீயரிங் இறுகிவிட்டதா? கேபிள் வாங்கும் முன் ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள்

பதினைந்து அடி ஃபைபர் படகு, பின்பக்கம் வெளியே மாட்டியிருக்கும் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின், சில மாதம் ஓட்டாமல் நின்றிருக்கிறது. இப்போது ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருக்கிறது, கேபிளை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். எனக்கும் இதே நிலை வந்தது. புதுக் கேபிளை வாங்கி வைத்துக்கொண்டு பழையதை உருவப் பார்த்தேன், அசையவே இல்லை. வெளியே எடுக்க இரண்டு நாள் பிடித்தது. அப்புறம் புதியதைச் செருகினால் அதுவும் பாதி வழியில் நின்றுவிட்டது. கோளாறு இருந்தது கேபிள் நுழைகிற குழாயில். பழைய கேபிளைத் துடைத்து அதே குழாயில் போட்டிருந்தால் இன்னும் சில வருடம் உழைத்திருக்கும்.

ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. அது பிளாஸ்டிக் உறைக்குள் ஓடும் கம்பியைத் தள்ளும், இழுக்கும். கம்பியின் மறுமுனையில் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தண்டு. இன்ஜினை மேலே தூக்கிச் சாய்க்கும்போது அது எந்தக் குழாயை அச்சாகக் கொண்டு திரும்புகிறதோ, அந்தக் குழாய்க்குள் நுழைந்து தண்டு மறுபக்கம் வெளியே வரும். அங்கிருந்து ஒரு சிறிய இணைப்புக் கை இன்ஜினைப் பிடித்துத் திருப்புகிறது. ஆக, பல்சக்கரப் பெட்டி, கேபிள், குழாய், இன்ஜின் திரும்பும் முளை என்று நான்கு இடங்களில் எது இறுகினாலும் உங்கள் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று பிரித்துப் பார்க்காமல் செலவு செய்வது வீண்.

படகைக் கரையேற்றி, சாவியை எடுத்துவிடுங்கள். இன்ஜினை நேராக இறக்கி வையுங்கள். இணைப்புக் கை இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள போல்ட்டைக் கழற்றுங்கள். இப்போது இன்ஜின் தனி, ஸ்டீயரிங் தனி. இன்ஜினைப் பிடித்து இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். முக்கி முனகித்தான் தள்ள முடிகிறது என்றால், முளையில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. லேசாகத் திரும்பினால் இன்ஜின் பக்கம் குறை இல்லை. சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். அது இன்னும் இறுக்கமாக இருந்தால், குழாயின் வாயில் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றித் தண்டைக் குழாயிலிருந்து உருவுங்கள். உருவிய பிறகு சக்கரம் இலகுவாகச் சுற்றினால் குழாய்தான் குற்றவாளி. அப்போதும் இறுக்கம் போகவில்லை என்றால் கேபிளைப் பல்சக்கரப் பெட்டியிலிருந்தும் பிரித்துவிட்டுச் சுற்றுங்கள். பெட்டி தனியாகச் சுலபமாகச் சுற்றினால் கேபிளின் உள்கம்பி போய்விட்டது என்று பொருள்.

நான் பார்த்த படகுகளில் பெரும்பாலும் குழாய்தான். உப்புத்தண்ணீரும் பழைய கிரீஸும் சேர்ந்து உள்ளே ஒரு பக்காக உறைந்துவிடும். என்னுடையதில் துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்தபோது கரும்பச்சை நிறத்தில் சில்லுசில்லாக உதிர்ந்தது. விரலால் நசுக்கினால் காய்ந்த பிசின்போல் நொறுங்கியது, வழவழப்பு துளியும் இல்லை. அதன் வழியாகத்தான் அந்தத் தண்டு தினமும் போய்வந்துகொண்டிருந்தது.

தண்டு உருவவே வராவிட்டால், துருவைத் தளர்த்தும் எண்ணெயைக் குழாயின் இரண்டு வாயிலும் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் மறுபடி விடுங்கள். குழாயின் மேல் துணியைச் சுற்றிக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினாலும் பிடி தளரும். ஊதுவிளக்கால் சூடேற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். பெட்ரோல் தொட்டி இருக்கும் படகில் அதைச் செய்யவே கூடாது. தட்ட வேண்டியிருந்தால் தண்டின் முனையில் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். சுத்தியல் நேராக விழுந்தால் முனை விரிந்துவிடும், பிறகு அது குழாய்க்குள் நுழையாது. சில படகுகளில் பக்கவாட்டில் உருவ இடமே இருக்காது. இன்ஜினைக் கழற்றிச் சற்று நகர்த்த வேண்டிவரும். அது ஒருவர் செய்யும் வேலை இல்லை, துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்த பின், குழாய்க்குள் நுழையும் வட்டமான கம்பி பிரஷ்ஷை நீளக் கம்பியில் பொருத்தி, மண்ணெண்ணெயில் நனைத்து, துணி வெள்ளையாக வரும்வரை தேயுங்கள். தண்டை மிக நுண்ணிய உப்புத்தாளால் துடைக்கலாம். இரும்பு நார் வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டு மறுபடி துரு ஏறும். தண்டில் நகம் மாட்டும் அளவுக்குக் குழிகள் இருந்தால் கேபிளை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிறகு தண்ணீர் கரைக்காத, படகுக்கென்று விற்கிற கிரீஸைக் குழாயின் உள்சுவரிலும் தண்டிலும் தடவிச் செருகுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. குழாயில் கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் அடிக்கும் சிறு முனை, இருந்தால், தண்டு முழுவதும் உள்ளே இழுக்கப்பட்ட நிலையில் மட்டுமே கிரீஸ் கன்னால் அடியுங்கள். தண்டு வெளியே நீண்டிருக்கும்போது அடித்தால் கிரீஸ் உள்ளே தேங்கி, தண்டு திரும்பி வரும்போது போக வழியில்லாமல் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் படகைப் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் இதைத்தான் செய்தார்கள். மறுநாள் தண்ணீரில் வைத்துப் படகு ஒரு பக்கமாகத் திரும்பியது, மறுபக்கம் திரும்பவே இல்லை. நல்ல வேளையாக அருகில் வேறு படகு இல்லை.

இன்ஜின் முளையில் இறுக்கம் என்றால் வேலை எளிது. நிப்பிள்களில் புதுக் கிரீஸை அடித்து, இன்ஜினை இருபுறமும் ஆட்டி, பழைய கறுப்புக் கிரீஸ் முழுக்க வெளியே வந்து புதியது தெரியும்வரை தொடருங்கள்.

கேபிளே போயிருந்தால் பழுதுபார்க்க முயல வேண்டாம். உறை ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ உள்ளே தண்ணீர் புகுந்து கம்பி துருவேறிவிட்டது. உறைக்குள் எண்ணெய் விட்டால் ஒரு வாரம் இலகுவாக இருக்கும், பிறகு நடுவழியில் அறுந்துவிடும். பழைய உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே நீளம் வாங்குங்கள். பொருத்தும்போது வளைவுகளின் ஆரம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைவிட நெருக்கி வளைத்தால் புதுக் கேபிளும் கனமாகத்தான் ஓடும்.

ஓடும்போது மட்டும், அதுவும் ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனம் தெரிந்தால் இது எதுவுமே காரணம் இல்லை. புரொப்பல்லரின் சுழற்சி இன்ஜினை ஒரு பக்கம் இழுக்கிறது. புரொப்பல்லருக்கு மேலே உள்ள தகட்டின் அடியில் ஒரு சிறு துடுப்பு இருக்கும். படகு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாக அதன் பின்முனையைச் சிறிது திருப்பி வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இனி படகை நிறுத்தும்போதெல்லாம் தண்டு உள்ளே இருக்கும்படி ஸ்டீயரிங்கைத் திருப்பி வையுங்கள். உப்பும் தூசியும் அதன்மேல் படியாது. கழற்றிய இணைப்புக் கையைப் பூட்டும்போது நைலான் வளையம் உள்ள பழைய நட்டையே மறுபடி போடாதீர்கள். ஒருமுறை கழன்ற வளையத்துக்கு முன்பிருந்த பிடி இருக்காது, இன்ஜினின் அதிர்வில் அது தானாகவே சுற்றிக் கழன்று விழும். அந்த நட்டு விழுந்தால் ஓடும் படகில் சக்கரம் மட்டும்தான் உங்கள் கையில் மிஞ்சும். புது நட்டு வாங்கிவந்த பிறகே தண்ணீரில் இறக்குங்கள்.