பெயர் வைப்பதற்குள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமா?

கேள்வி: பிறந்து ஒன்பது நாளான எங்கள் குழந்தையின் பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. பெயர் வைப்பதற்குள் அறுவை சிகிச்சை செய்துவிடச் சொல்கிறார் மாமியார். இந்தக் காலத்தில்தான் இப்படிப் பிறக்கிறதா டாக்டர்?

பதில்: ஆண், பெண் என்று எளிதில் வகைப்படுத்த முடியாத உடலமைப்புள்ள ஊடுபால் குழந்தைகள் எல்லாக் காலத்திலும் பிறந்திருக்கிறார்கள், அம்மா. ஆணின் விந்தும் பெண்ணின் ஆர்த்தவமும் (மாதவிடாய்க் குருதி) சம அளவில் சேர்வதே காரணம் என்று பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை தன் காலத்து அறிவுக்கு எட்டியபடி விளக்கம் சொல்கிறது. பழைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் 1794ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்போ, எந்தப் பாலாக வளர்ப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யலாம் என்றும், 18 வயது நிறைந்தபின் அப்பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம் என்றும் விதித்தது.

உங்கள் வீட்டில் இப்போது காணும் அவசரம் 1950களில் மருத்துவமனைகளில் தொடங்கியது. சிறுவயதிலேயே உறுப்பைத் திருத்தி, ஒரே பாலாக உறுதியுடன் வளர்த்தால் குழந்தை அவ்வாறே தன்னை உணரும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் மணி கற்பித்தார். மருத்துவ உலகமும் அதைப் பாடமாக ஏற்றது. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவன், விருத்தசேதனத்தின்போது உறுப்பை இழந்து பெண்ணாக வளர்க்கப்பட்ட ஒரு கனடாச் சிறுவன். அவன் பதின்ம வயதிலேயே ஆணாக வாழத் திரும்பிவிட்டான் என்பது 1997இல் வெளியான ஆய்வுக் கட்டுரையால்தான் பரவலாகத் தெரியவந்தது. இங்கே, 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்தான நிலையில் தவிர, கைக்குழந்தைகளுக்கு இத்தகைய அறுவை சிகிச்சை செய்வதைத் தமிழக அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் தடை செய்தது.

உண்மையான அவசரம் உப்பில் இருக்கிறது. இந்நிலைக்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று, அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவது. அப்போது உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசால் ஹார்மோனும் உப்பைக் காக்கும் ஹார்மோனும் குறைந்து, ஆண் ஹார்மோன் மிகுந்து, கருப்பையும் சூலகமும் உள்ள குழந்தைக்கும் வெளியுறுப்பு ஆணுறுப்புப்போல வளர்ந்திருக்கும். இவர்களில் பலருக்கு இரண்டாம் வாரத்தில் சிறுநீர் வழியே உப்பு வெளியேறி, வாந்தியும் சோர்வும் எடைக்குறைவும் தோன்றி, கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். உங்கள் குழந்தை அந்த வாரத்தில்தான் இருக்கிறது. ஆகவே இன்றே குழந்தைகள் நலப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குச் சென்று, சோடியம், பொட்டாசியம், 17-ஹைட்ராக்சிபுரொஜெஸ்டிரோன், குரோமோசோம் பரிசோதனைகளையும் வயிற்று ஸ்கேனையும் கேளுங்கள். இக்குறைபாடு உறுதியானால் குறைந்த ஹார்மோன்களுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளூட்ரோகார்டிசோன் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் தர வேண்டியிருக்கும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவை மருத்துவர் சொன்னபடி கூட்ட வேண்டும்.

முடிவுகள் வரும்வரை அன்பு, கண்மணி என்று இருபாலருக்கும் பொருந்தும் பெயர் ஒன்றை வையுங்கள். மாமியாரையும் மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள்.